இருபது நிமிடம் முன்னால்

அருமனையில் சரியான மணி காட்டுகிற கடிகாரம் ஒரு கடையிலும் கிடையாது. சாயாக்கடையில் பத்து நிமிடம் முன்னால் ஓடும், பேன்சி கடையில் ஏழு நிமிடம். பஸ்ஸை விட்டுவிடக்கூடாது என்று ஒவ்வொருவனும் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற பொய் அது. பொய் என்று எல்லாருக்கும் தெரியும். மனதுக்குள் கழித்துக்கொண்டு நடப்பார்கள். அந்தக் கழித்தலை ஒருத்தன் ஒரே ஒரு நாள் மறந்தான். முருகதாஸின் வலது கை போயிற்று.

நான் அங்கேதான் நின்றேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மறந்தவன் பெயர் சுதீஷ். கேபிள் டிவி நடத்திவந்த தேவகுமார் இப்போது இருநூறு வீடுகளுக்கு நெட் கொடுக்கிறார். மார்க்கெட்டுக்குப் பின்னால் மாடியில் அவருடைய ஆபீஸ். அங்கே கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவன் சுதீஷ். கொச்சியில் நாலு வருடம் இதே வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு முடியவில்லை என்று திரும்பி வந்தவன். பாதுகாப்பு, பாதுகாப்பு என்று உயிரை வாங்குவான். என் வீட்டில் நெட் வைக்க வந்தபோது பாஸ்வேர்டு என்ன வேண்டும் என்று கேட்டான். வீட்டுப் பெயரைச் சொன்னேன். "கேட்டுல பெயிண்ட் அடிச்சு எழுதி வச்சிருக்கியளே, அதா? பிறவு பூட்டு எதுக்கு மாமா, சாவியையும் கேட்டுல தூக்கிப் போட்டுட்டுப் போங்க" என்றான். கோபம் வந்தாலும் வேறு பாஸ்வேர்டு போட்டேன்.

அவன் சொல்லி தேவகுமார் கேட்காத விஷயம் ஒன்று உண்டு. லைன் பார்க்கிற பையன்கள் ஒன்பது மணிக்கு வரவேண்டியவர்கள் ஒன்பதேகாலுக்கு வருவார்கள். விரல் வைக்கிற மெஷின் ஒன்று வாங்கி வாசலில் மாட்டினார் தேவகுமார். அது மெயின் கம்ப்யூட்டரிலிருந்து நேரம் எடுத்துக்கொள்ளும். அந்தக் கம்ப்யூட்டரையே இருபது நிமிடம் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னார்.

"அண்ணே, அது செய்யப்பிடாது. இங்க எல்லாம் அந்த ஒரு நேரத்தை நம்பியாக்கும் ஓடுது. நேரம் தப்பினா லாக்கு முழுக்கப் பொய்யாயிரும்."

"உனக்க லாக்கை எவன்டே பாக்கான்? எனக்கு ஆளு நேரத்துக்கு வரணும். தள்ளி வை."

தள்ளி வைத்தான். அது நடந்தது தை மாதம். ஆனி மாதத்தில் அவனுக்கே அது ஓர்மையில் இல்லை.

லாக்கு என்றால் என்ன என்பதை அவன் பிறகு எனக்கு விளக்கியபடி சொல்கிறேன். ஒரு வீடு நெட்டுக்குள் போக அதற்கு ஒரு நம்பர் வேண்டும். தேவகுமாரிடம் இருப்பது அறுபது நம்பர், வீடு இருநூறு. ஒரு வீட்டில் கொஞ்ச நேரம் நெட் சும்மா கிடந்தால் அதன் நம்பரைப் பிடுங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடும். எந்த நிமிடம் எந்த நம்பர் யார் வீட்டில் இருந்தது என்று கம்ப்யூட்டர் வரிவரியாக எழுதி வைக்கும். அதுதான் லாக்கு. யாராவது நெட்டில் அயோக்கியத்தனம் செய்தால் நம்பரும் நிமிடமும் கிடைத்தால் போதும், வீட்டைப் பிடித்துவிடலாம். நிமிடம் சரியாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அயோக்கியத்தனம் நடந்தது ராஜகுமாரின் தங்கை அஸ்வதிக்கு. ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். அண்ணன்காரன் அதற்காகவே கத்தாரிலிருந்து லீவில் வந்திருந்தான். யாரோ ஒருத்தன் கள்ளப் பெயரில் அந்தப் பெண்ணின் முகத்தை வேறொரு உடம்பில் ஒட்டி மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பினான். பத்துப் பன்னிரண்டு படம். கல்யாணம் நின்றது. அஸ்வதி பூச்சிமருந்து குடித்து, பிழைத்து, வீட்டுக்குள் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். ராஜகுமாருக்கு வந்த வெறியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

கத்தாரில் இருக்கிற அவனுடைய கூட்டுக்காரன் ஒரு லிங்க் செய்து கொடுத்தான். அந்தக் கள்ளப் பெயருக்கு அதை அனுப்பினார்கள். வியாழக்கிழமை காலையில் ஏழு பதினாலுக்கு அவன் அதைத் தொட்டான். தொட்டதும் அவனுடைய நம்பரும் நிமிடமும் கூட்டுக்காரனிடம் விழுந்தன, நம்பர் தேவகுமாருடையது. ஒன்பது மணிக்கெல்லாம் ராஜகுமார் சுதீஷின் மேசை முன்னால் நின்றான். இரண்டு பேரும் பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்ச்.

லாக்கைப் போலீஸ் எழுதிக் கேட்டாலொழிய யாருக்கும் காட்டாதே என்று லைன் பையன்களுக்கு வகுப்பெடுக்கிறவன் சுதீஷ். அன்று கூடப் படித்தவன் அழுதான். இவன் பார்த்தான், சொன்னான். பனவிளை முருகதாஸ் வீடு.

முருகதாஸ் என் பக்கத்து வீடு. ரப்பர் பால்வெட்டுக்காரர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு முந்நூறு மரம் வெட்டி, வெயில் ஏறுமுன் பால் எடுத்து வருவார். அவருடைய வெட்டில் மரம் காயப்பட்டதே கிடையாது. வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பில் ஷீட் அடிக்கிற மெஷின் இருக்கிறது. இரண்டு இரும்பு உருளை, பக்கத்தில் கையால் சுற்றுகிற பிடி. உறைந்த ரப்பரை நடுவில் கொடுத்துச் சுற்றினால் மறுபக்கம் ஷீட்டாக வரும். அக்கம்பக்கத்து நாலு வீட்டுக்கும் அந்த ஒரு மெஷின்தான். மனைவி சத்தியபாய். மகள் அஞ்சு பெங்களூரில் நர்சிங் மூன்றாம் வருடம்.

அன்று காலையில் பேய்க்காற்று. ஏழு மணிக்கு ஒரு ரப்பர் கொம்பு முறிந்து லைன்மேல் விழுந்து எங்கள் பக்கம் முழுக்கக் கரண்டு போயிற்று. பத்தரைக்கு நான் முந்தின நாள் ரப்பர் பால் உறைய வைத்த எட்டு டிஷ்ஷையும் சுமந்துகொண்டு சாய்ப்புக்குப் போனேன். சத்தியபாய் கட்டஞ்சாயா தந்தாள். அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது, சாளைக்கறி கொதிக்கிற மணம் வந்தது. முருகதாஸ் என் ரப்பரை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஆசிட் கூடிப்போச்சு அண்ணே, ஷீட்டு கறுக்கும். ரப்பர் கடையில கிருஷ்ணமணி மொதலாளி தரம் குறைப்பாரு" என்றார்.

"அவரு வெள்ளையா குடுத்தாலும் குறைப்பாரு" என்றேன். சிரித்தார். நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

முன்வாசல் கதவு உடைகிற சத்தம் கேட்டது. வீட்டுக்குள் பாத்திரங்கள் விழுந்தன. மரச்சீனிப் பானையைக் காலால் தட்டிவிட்டு அடுக்களை வழியாக எட்டுப் பேர் சாய்ப்புக்குள் வந்தார்கள். முன்னால் ராஜகுமார், கையில் கம்பி.

"நீதானே லே முருகதாஸு?"

"என்ன மக்கா? என்ன காரியம்?"

கம்பி முழங்காலில் விழுந்தது. உட்கார்ந்துவிட்டார்.

"எனக்க தங்கச்சிக்க படம் எப்பிடி லே இருந்து? நல்லா இருந்தா? வயசு அம்பது ஆவுது, உனக்கு மக இல்லியா லே?"

"எந்தப் படம்? நான் ஒண்ணும் அறியேன் மக்கா!"

"ஏழு பதினாலுக்கு உனக்க வீட்டு நெட்டுல இருந்தாக்கும் வந்திருக்கு. லாக்கு இருக்கு லே! லாக்கு பொய் சொல்லுமா?"

"ஏழு மணிக்குக் கரண்டு இல்ல மக்கா. கரண்டு போச்சு. யாருட்ட வேணும்னாலும் கேளு..."

யாரிடம் வேண்டுமானாலும் கேள் என்று சொன்னபோது அவர் பார்த்தது என்னை. என் வீட்டிலும் ஏழு மணிக்குக் கரண்டு போனது. இரண்டு வார்த்தை போதும். எட்டுப் பேர், கம்பி, என் வயது, என் பயம். நான் சொல்லவில்லை.

வாயில் உதைத்தார்கள். பல் தெறித்து என் டிஷ்ஷில் விழுந்தது. சத்தியபாய் பால் உறைய ஊற்றுகிற ஆசிட் தண்ணீர் வாளியைத் தூக்கி அவர்கள் மேல் வீசினாள். ஒருத்தன் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினான். இன்னொருத்தன் அவள் முடியைப் பிடித்துத் தூணில் மோதினான். அவள் நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணை மறைத்தது. "கொல்லுகானுவளே, எனக்க மாப்பிளையக் கொல்லுகானுவளே" என்று கத்தினாள். வேலிக்கு அப்பால் ஆள்கள் கூடினார்கள். எல்லாரும் தெரிந்த முகம். படத்தைப் பற்றி அவர்களுக்கும் தெரியும். ஒருத்தன் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தான்.

"இந்தக் கையாலதானே அனுப்புனே?" என்றான் ராஜகுமார்.

இரண்டு பேர் முருகதாஸைத் தூக்கி மெஷின்மேல் சாய்த்தார்கள். வலது கையை உருளைகளுக்கு நடுவில் வைத்தார்கள். ராஜகுமார் பிடியைச் சுற்றினான். விரல்கள் உள்ளே போயின. அப்புறம் உருளை நின்றது. எலும்பு ரப்பர் இல்லையே. இரண்டு கையாலும் பிடியைப் பற்றி, காலை மெஷின் சட்டத்தில் ஊன்றி, இன்னும் அரைச் சுற்று சுற்றினான். அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வேண்டாம். முருகதாஸ் கத்தியதை விட அந்தச் சத்தம்தான் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

போய்விட்டார்கள். கையை வெளியே எடுக்கவேண்டுமானால் பிடியைப் பின்பக்கமாகச் சுற்றவேண்டும். அதைச் சுற்றியவன் நான். அன்று நான் செய்த ஒரே காரியம் அது.

நாகர்கோவிலில் மூன்று விரலை எடுத்தார்கள். மிச்சம் இருப்பதும் மடங்காது என்றார் டாக்டர். பால்வெட்டுக் கத்தியைப் பிடிக்க ஐந்து விரலும் வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் முருகதாஸ் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அஞ்சு கேட்டா என்ன நினைப்பா? அவளுக்க கூடப் படிக்குத பிள்ளைய வீடியோ பாத்தா என்ன நினைக்கும்?" என்றே புலம்பிக்கொண்டிருந்தார். பெண்பிள்ளைகளின் படம் அனுப்புகிற ஆள் என்ற பெயர் அதற்குள் போன் போனாகப் போய்விட்டது. கை போனதை ஆற்றிக்கொள்ளலாம், அந்தப் பெயரோடு மகள் முகத்தில் எப்படி முழிப்பது?

மறுநாள் காலை சத்தியபாய் நெற்றியில் தையலோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, உங்க வீட்டுலயும் நேத்து ஏழு மணிக்குக் கரண்டு போச்சுல்லா?"

"போச்சு."

"பிறவு ஏன் வாய் தொறக்கல்ல?"

நான் சட்டையை எடுக்க உள்ளே திரும்பினேன்.

"வண்டிய எடுங்க. அந்த நெட்டு ஆபீஸ்ல என்னைக் கொண்டு விடுங்க" என்றாள்.

சுதீஷ் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவன் தூங்கியிருக்கவில்லை. வீடியோவைப் பார்த்திருக்கிறான். சத்தியபாய் குரலை உயர்த்தவில்லை.

"ஏழு மணிக்குக் கரண்டு போச்சு. எட்டரைக்காக்கும் வந்தது. கரண்டு இல்லாத வீட்டுல இருந்து எப்பிடிடே படம் போவும்? ஏழு ஆவதுக்கு முன்ன நெட்டு பாத்தது நானாக்கும். அஞ்சுகிட்ட வீடியோல பேசிட்டிருந்தேன், பாதியில கரண்டு போச்சு."

"ஏழுக்கு முன்னயா?"

"ஆறே முக்காலுக்கு விளிச்சேன். ஏழு வரைக்கும் பேசினேன்."

சுதீஷ் ஸ்கிரீனைப் பார்த்தான். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். போனில் பதினொன்று பத்து. ஸ்கிரீன் மூலையில் பதினொன்று முப்பது. அப்படியே நாற்காலியில் விழுந்தான்.

"தப்பு எனக்க மேலயாக்கும் அக்கா. இந்தக் கம்ப்யூட்டரு இருபது நிமிஷம் முன்னால ஓடுது. அவன் ஏழு பதினாலுண்ணு சொன்னா நான் இதுல ஏழு முப்பத்தி நாலு பாக்கணும். நான் பதினாலையே பாத்தேன். அது நெசத்துல ஆறு அம்பத்தி நாலு. நீங்க மககிட்ட பேசின நேரம்."

சத்தியபாய் செருப்பைக் கழற்றினாள். கன்னத்தில், கன்னத்தில், தலையில். அவன் கையைத் தூக்கவில்லை. மூன்றாவது அடிக்குப் பிறகு அவளே மூச்சு வாங்கி நின்றாள்.

"ஏழு முப்பத்தி நாலுல எவன்டே இருக்கான்? பேரு சொல்லு."

அவன் தேடினான். ஒரு வரியில் கண் நின்றது. பின்னால் வந்து நின்ற தேவகுமாரும் அந்த வரியைப் படித்தார். எனக்கு அதில் வெறும் எழுத்தும் நம்பரும்தான் தெரிந்தன. தேவகுமார் கையை நீட்டிக் கரண்டு வயரையே பிடுங்கினார்.

"இதை அழிச்சுரு. முழுசா அழிச்சுரு. நமக்கு எதுக்குடே ஊர் வம்பு?"

"அழிச்சாலும் போவாது அண்ணே. மணிக்கு ஒரு தடவை நகல் வேற இடத்துக்குப் போவுது. நான் வேலைக்கு வந்த அன்னைக்கே செஞ்சு வச்சது. அதுல கை வைக்க உங்களுக்கே அனுமதி கிடையாது."

"அப்போ எங்கிட்டச் சொல்லு" என்றாள் சத்தியபாய்.

"சொல்ல மாட்டேன் அக்கா."

"நேத்து அவன் கேட்டான், சொன்னே. இண்ணைக்கு நான் கேக்கேன், சொல்ல மாட்டியோ? எனக்குக் கம்பி எடுக்க எட்டுப் பேரு இல்லாததாலயா?"

சுதீஷ் அழுதுவிட்டான். "லாக்குல வீடுதான் அக்கா தெரியும், ஆளு தெரியாது. அந்த வீட்டுல போனை யாரு பிடிச்சாண்ணு எனக்குத் தெரியாது. இதை நான் நேத்தே ராஜகுமாருட்ட சொல்லியிருக்கணும். உங்களை விளிச்சு ஒரு வார்த்த கேட்டிருக்கணும். ஒண்ணும் செய்யாம ஒரு பேரைத் தூக்கிக் குடுத்தேன். இனி எனக்க வாயில இருந்து ஒரு பேரும் வராது. போலீஸுக்கு எழுதிக் குடுக்கேன். கடிகாரம் தப்பினது, நான் தப்பாப் பாத்தது, எல்லாம் எழுதுகேன்."

போனையும் ஸ்கிரீனையும் ஒன்றாக வைத்து, இரண்டு மணியும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்கவேண்டும் என்று மறுபடி வயரைச் சொருகினான். எடுத்தான். அதற்குள் படியில் கால் சத்தம். சத்தியபாய் ஆபீஸுக்கு வந்தது ஊருக்குத் தெரிந்துவிட்டது. ராஜகுமார் நாலு பேரோடு வந்தான்.

"ஆளு மாறிப்போச்சுண்ணு பறயுதாவ. உள்ளதா லே?"

"உள்ளதுதான்."

"அப்போ யாரு?"

"சொல்ல மாட்டேன்."

கூடப் படித்தவனை ஒருத்தன் அப்படி அடித்து நான் பார்த்ததில்லை. மேசையில் கிடந்த தடித்த கேபிளை மடக்கி முகத்தில் வீசினான். காது கிழிந்தது. கீழே தள்ளி விலாவில் மிதித்தான். "நீ சொன்னதாலதானே லே நான் ஒருத்தனுக்க கைய நசுக்கினேன்! பாவத்தை எனக்க தலையில வச்சுட்டு இப்போ சொல்ல மாட்டியா?" ஒவ்வொரு மிதிக்கும் ஒரு "சொல்லு". சுதீஷ் சுருண்டு கிடந்து வாயை மூடிக்கொண்டான். பெயர் தெரிந்த தேவகுமார் சுவரோடு சாய்ந்து நின்றார். அவரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மௌனத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்!

சத்தியபாய்தான் நடுவில் பாய்ந்தாள். ராஜகுமாரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, "நேத்து ஒண்ணு போராதா லே? இன்னும் எத்தன பேருக்க எலும்பு வேணும் உனக்கு?" என்றாள். அவளுடைய தையல் பிரிந்து ரத்தம் அவன் சட்டையில் சொட்டியது. அதைப் பார்த்துத்தான் அவன் கை தாழ்ந்தது.

சுதீஷை நானும் அவளும் தாங்கிப் பிடித்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனோம். இரண்டு விலா முறிந்திருந்தது. உட்கார முடியாமல் நின்றுகொண்டே மூன்று பக்கம் எழுதினான்.

சனிக்கிழமை காலை போலீஸ் ஜீப் போய் நின்றது கிருஷ்ணமணி வீட்டில். ரப்பர் மொதலாளி கிருஷ்ணமணி. அருமனையில் பாதிப் பேர் ஷீட்டை அவரிடம்தான் போடுகிறோம். அவருடைய மகன் அபினேஷ் மூன்று வருடத்துக்கு முன்னால் அஸ்வதியைப் பெண் கேட்டு, அவள் மாட்டேன் என்று சொன்னது அப்போதுதான் ஒவ்வொருத்தருக்கும் ஞாபகம் வந்தது. போனையும் அவனையும் கொண்டுபோனார்கள். படங்கள் அந்தப் போனிலேயே கிடந்தனவாம்.

சத்தியபாய் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி என் வண்டியில் ஏறியிருந்தாள். முருகதாஸிடம் முதலில் தானே சொல்லவேண்டும் என்று பறந்தாள். கிருஷ்ணமணி வீட்டைத் தாண்டும்போது, "நிறுத்துங்க" என்றாள்.

கேட் திறந்து கிடந்தது. உள்ளே அதே எட்டுப் பேர். ஒருத்தன் கண்ணில் கட்டு. யார் கையிலும் கம்பி இல்லை. எட்டு ஜோடிச் செருப்பும் படிக்குக் கீழே கழற்றிக் கிடந்தன. ராஜகுமார் வராந்தாவில் ஏறி, சட்டையை இழுத்துவிட்டு, காலிங் பெல்லை அமுக்கினான். ஒருமுறை அமுக்கிவிட்டு இரண்டடி பின்னால் வந்து காத்து நின்றான்.

கிருஷ்ணமணி கதவைத் திறந்தார். கண் வீங்கியிருந்தது. "வா மக்கா. உள்ள வந்து இரி. எல்லாம் பேசித் தீக்கலாம்."

"மொதலாளி, எனக்க தங்கச்சிக்க காரியத்துக்கு நீங்க ஒரு வாக்கு சொல்லணும்" என்றான் ராஜகுமார். தலை குனிந்திருந்தது.

சத்தியபாய் வண்டியிலிருந்து இறங்கினாள். நான் அவள் பின்னாலேயே போனேன். இந்தத் தடவையாவது போனேன். அவள் செருப்புகளைத் தாண்டிப் படியேறி, ராஜகுமாருக்கும் கதவுக்கும் நடுவில் நின்றாள். அவன் அவள் நெற்றியைப் பார்த்தான். பிறகு பார்க்கமுடியாமல் முகத்தைத் திருப்பினான்.

அவள் அவனிடம் கேட்டது மெதுவாகத்தான். எட்டுப் பேருக்கும் கேட்டது.

"எனக்க வீட்டுலயும் பெல்லு உண்டும் மக்கா. நீ அமுக்கியிருந்தா நான் வந்து கதவு தொறந்திருப்பேனே."